மரக்காணத்தில் ஒரு வாலில்லாத குருவி

திண்டிவனத்தில் பஸ் ஏறியதிலிருந்து மரக்காணத்தில் இறங்கும்வரை என் மகள் யாழினி மூன்று விஷயங்கள் சொன்னாள். டிரைவர் மாமா செருப்புப் போடாமல் பஸ் ஓட்டுகிறார். மலைமேல் யாரோ வீடு கட்டியிருக்கிறார்கள். தூரத்தில் வரிசையாக ஐஸ்கிரீம் கொட்டி வைத்திருக்கிறார்கள்.

எட்டிப் பார்த்தேன். டிரைவரின் செருப்பு சீட்டுக்கு அடியில் கழற்றிக் கிடந்தது. மலை பெருமுக்கல், மேலே தெரிந்தது கோயில். மூன்றாவதை மட்டும் பொய் என்று மனத்துக்குள் குறித்துக்கொண்டேன். ஊரை நெருங்கியபோது உப்புக் குவியல்கள் வந்தன. வெயிலில் அவை ஐஸ்கிரீம் மாதிரியேதான் இருந்தன. குறித்ததை அழித்தேன்.

இந்தக் குறிக்கும் பழக்கம் எனக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. காலாண்டுத் தேர்வு முடிந்த அன்று யாழினியின் வகுப்பு மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நல்லாப் படிக்கிறா மேடம். ஆனா நெறைய கதை விடறா. பாத்ரூம் கூரைல மயில் நிக்குதுன்னு சொல்லி மொத்த கிளாஸையும் வெளிய ஓட வெச்சுட்டா. போய்ப் பார்த்தா ஒண்ணுமில்ல. பொய் பழகிட்டா அப்புறம் மாத்தறது கஷ்டம். லீவுல கூடவே இருந்து கவனிச்சுட்டு வந்து சொல்லுங்க." டைரியை நீட்டினார். 'கவனித்துக்கொள்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மிஸ் சொன்னால் கையெழுத்துப் போடுவதுதான் எனக்குத் தெரியும். நானும் அப்படிப் படித்தவள்தான். மயிலைப் பற்றி மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்றிலிருந்து அவள் வாயைத் திறந்தாலே உண்மையா, பொய்யா என்று குறிக்க ஆரம்பித்தேன். ஆறு வயதுக் குழந்தை பொய் சொல்கிறாள் என்றால் அது யார் தப்பு? நான் வேலைக்குப் போவதாலா? செல்போன் கொடுத்துப் பழக்கியதாலா? அவளைச் சுமந்தபோது நான் அதிகம் கவலைப்பட்டதாலா? கடைசிக் கேள்வியை நினைத்து வேறு கவலைப்பட்டேன்.

என் கணவர் செந்தில் கோவையில் ஒரு பம்புசெட் கம்பெனியில் டெக்னீஷியன். உப்பளங்களில் கடல்நீரை ஏற்றும் மோட்டார்களை மழைக்கு முன்னால் கழற்றிச் சரிபார்க்க வருடா வருடம் மரக்காணம் போவார். இந்த முறை நாங்களும் வருகிறோம் என்றேன். மிஸ் சொன்னபடி கூடவே இருந்து கவனிக்க மூன்று நாள் கிடைக்கும்.

முதல் நாள் தண்ணீரோடு சண்டையில் போனது. சிறுவாணித் தண்ணீரில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஊர்க் குழாயைத் திறந்தால் அழுகை வரும். லாட்ஜில் முகம் கழுவினேன், உதடு கரித்தது. சோப்பு நுரைக்கவில்லை. யாழினி நாக்கை நீட்டி நக்கிப் பார்த்துவிட்டு, "உப்பு போட்டுட்டு சட்னி போட மறந்துட்டாங்க" என்றாள். இது பொய்யா, கிண்டலா என்று இரண்டு நிமிடம் யோசித்தேன். என்னை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

மதியம் மெஸ்ஸில் சாப்பாடு. கேட்காமலேயே இலையில் மீன் குழம்பை ஊற்றிவிட்டார்கள். கொடுவா மீன், புளிப்பும் காரமும் நாக்கைப் பிடித்து இழுத்தன. நான் சாப்பிட்டதைவிட யாழினிக்கு முள் எடுத்ததுதான் அதிகம். பரிமாறிய அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். "எம்மா, நீ முள்ளு எடுக்கிறியா, மீன எடுக்கிறியா? இலைல ஒண்ணுமே காணோமே." பக்கத்து மேசையில் சிரித்தார்கள். கேட்டால் 'இன்னா', பார்த்தால் 'தோ பாரு' என்று பேசும் ஊர். அந்தச் சிரிப்பில் விஷமம் இல்லை என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு நாள் பிடித்தது.

இரண்டாம் நாள் செந்திலோடு உப்பளத்துக்குப் போனோம். கண் எட்டும்வரை பாத்திகள், நடுவே வரப்பு, வரப்பின்மேல் மோட்டார் கொட்டகை. மரம் ஒன்றுகூடக் கிடையாது. சீசன் முடிகிற நேரம். மழை இறங்குமுன் குவியல்களைக் கீற்றும் தார்ப்பாயும் போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் முழங்கால்வரை எண்ணெய் தடவியிருந்தார்கள், உப்புத் தண்ணீர் காலை அரிக்காமல் இருக்க. அவர்களில் ஒருத்தி அஞ்சலை. நாற்பது வயதிருக்கும். எங்களைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "கொயந்தைக்கு எதுக்கும்மா இந்த வெயில்ல சாக்ஸு?"

"கொசு கடிக்கும்னு…"

"உப்புல ஏதும்மா கொசு? அதுக்கும் நாக்கு இருக்குதில்ல."

நாலு மணிக்கு அஞ்சலை குடத்தை எடுத்தாள். உப்பளத்துக்கு மேற்கே ஒரு அம்மன் கோயில் காடு இருக்கிறது. அதற்குள் இருக்கும் அடிபம்பில்தான் நல்ல தண்ணீர் வரும். "நிழலா இருக்கும், பாப்பாவ இட்டுனு போறேன், வாம்மா" என்றாள். பொட்டல் வெளியில் அந்தக் காடு கரும்பச்சையாக ஒரு திட்டு மாதிரி தெரிந்தது. மர நிழலை எட்டியதும் வெயில் யாரோ சுவிட்சை அணைத்ததுபோல் நின்றது. குட்டை மரங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. தரை முழுக்கச் சருகு.

காட்டு முனையில் அஞ்சலை இரண்டு சட்டம் சொன்னாள். செருப்பும் தோல் சாமானும் உள்ளே வரக்கூடாது. தண்ணீரைத் தவிர உள்ளே இருக்கிற எதுவும் வெளியே போகக்கூடாது. "ஒரு சுள்ளி எடுத்துனு போனாக்கூட ஆத்தா கூடவே வந்துடுவா. அப்பால அவளுக்கு சோறு போட்டு மாளாது."

செருப்பைக் கழற்றினேன். வெறுங்காலோடு யாழினி நடப்பதா என்று யோசித்தேன். முள், கொக்கிப்புழு, பாம்பு என்று வரிசையாக நினைவு வந்தது. துணிப்பையில் களிம்பைத் தேடினேன். நிமிர்ந்தபோது அவள் அஞ்சலையோடு இருபதடி முன்னால் போய்விட்டாள். அஞ்சலை பம்பு அடிக்கும் சத்தம் கேட்டது. நான் போய்ச் சேர்வதற்குள் யாழினி புதர்ப் பக்கமிருந்து ஓடி வந்தாள்.

"அம்மா! ஒரு குருவி! பச்சை முதுகு. கைகிட்ட நீலம். அடில செவப்பு ஜட்டி போட்டிருக்கு. கண்ணுல கறுப்புத் துணி கட்டியிருக்கு, திருடன் மாதிரி. வாலே இல்ல. தவ்வித் தவ்விப் போய் சருகெல்லாம் பொரட்டுது!"

பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு, அதற்குமேல் வாலும் இல்லை. பென்சில் பெட்டியிலிருந்து ஒரு பறவையைச் செய்துவிட்டாள் என்று தோன்றியது.

"அஞ்சலை ஆன்ட்டி பார்த்தாங்களா?"

"நான் எங்க பாத்தேன்? கொடத்த பாத்துனு இருந்தேன்" என்றாள் அஞ்சலை.

திரும்பும்போது காட்டு முனையில் யாழினியின் கை மூடியிருந்தது. எதுவும் வெளியே போகக்கூடாது என்பது நினைவுக்கு வந்தது. விரல்களைப் பிரித்து, உள்ளே இருந்ததைத் தட்டிவிட்டு, சானிட்டைசர் போட்டுத் துடைத்தேன். லாட்ஜுக்கு வந்த பிறகுதான் சொன்னாள். "அது அந்தக் குருவியோட எறகும்மா. நீலம்."

நான் அந்தக் கைக்குள் பார்க்கவே இல்லை. அழுக்கு என்று மட்டும்தான் பார்த்தேன். இறகு இருந்ததா? இருந்திருந்தால் நான்தான் சாட்சியைத் தட்டிவிட்டவள். இல்லையென்றால் ஒரு பொய்க்கு இரண்டாவது பொய்யை முட்டுக்கொடுக்க என் மகள் கற்றுக்கொண்டுவிட்டாள்.

விளக்கு வைக்கும் நேரம்வரை விசாரித்தேன். மூன்று தடவை முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். மூன்று தடவையும் ஒரு நிறமும் மாறவில்லை. மாறாதது நல்லதா, மனப்பாடமா? "வால் இல்லாம குருவி இருக்காது கண்ணு. பறக்கும்போது திருப்பறதுக்கு வால் வேணும்" என்றேன். "யாராச்சும் வெட்டியிருப்பாங்க" என்றாள். "எதுக்கு வெட்டுவாங்க?" என்றேன். வாங்கி வந்த இடியாப்பத்தில் பாதியைத் தள்ளிவைத்துவிட்டாள்.

செல்போனில் தேடினேன். மீன்கொத்தியைக் காட்டினேன், தலையை ஆட்டினாள். பஞ்சுருட்டானைக் காட்டினேன், இல்லை. பனங்காடை, இல்லை. நிறைய படங்களுக்குப் பிறகு ஒன்று வந்தது. பச்சை முதுகு, தோளில் நீலம், அடிவயிற்றில் சிவப்பு, கண்ணை மூடி ஒரு கறுப்புப் பட்டை. கீழே ஆறுமணிக்குருவி என்று போட்டிருந்தது. குளிர்காலத்துக்கு வடக்கே இருந்து வரும், காட்டுத் தரையில் புழு பொறுக்கும், காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் கத்தும்.

"இதுதாம்மா!" கட்டிலில் எழுந்து நின்றுவிட்டாள்.

நான் செந்திலைப் பார்த்தேன். அவர் பனியன் எல்லாம் கிரீஸோடு கதவில் சாய்ந்து நின்றார். "நீ அப்படி ஆசையாக் காட்டுனா எதையும் ஆமாம்னுதான் சொல்லுவா. நம்ம பீரோ கதவுல பறவை சார்ட்டு ஒட்டியிருக்கே, அதுல இருக்கும். அதைப் பார்த்துட்டு சொல்றா."

சார்ட்டில் இருக்கிறதா? ஒன்றரை வருடமாக தினமும் அந்தக் கதவைத் திறந்து மூடுகிறேன். கிளி நினைவுக்கு வந்தது, மரங்கொத்தி வந்தது. மூலையில் இருப்பது என்ன என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. யாழினி அப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அந்தப் பறவை இருந்தாக வேண்டும். அதற்குமேல் எனக்கு எதுவும் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் விடிந்தும் விடியாமலும் கிளம்பினேன். யாழினி தூங்கிக்கொண்டிருந்தாள். எட்டு மணிவரை செந்தில் பார்த்துக்கொள்வார். ஆறு மணிக்கு அங்கே இருந்தால்தான் அது கத்துவதைக் கேட்கலாம் என்பது என் திட்டம். ஷேர் ஆட்டோவில் மீன்கூடைகளுக்கு நடுவே ஒரு கூடை மாதிரி உட்கார்ந்தேன். எதிரே இரண்டு பெண்கள் யாரோ ஒரு மருமகளை உரித்துக்கொண்டிருந்தார்கள். "ஃபோனப் பாத்துனே ஒலை வெக்கிறா, அரிசி போட மறந்துட்டா. வெறும் தண்ணி கொதிக்குது!" "பாவம்டி, டயட்டுல இருக்காளோ இன்னாவோ." பாதி வழியில் டயர் போனது. டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் எறங்குங்க, கூடைங்க மட்டும் இருக்கட்டும்" என்றார். கூடைகளுக்குத்தான் மரியாதை. மீதித் தூரத்தை நடந்தேன். வெளிச்சம் ஏற ஏற எனக்குப் படபடப்பும் ஏறியது. காட்டு முனைக்கு வந்தபோது மணி ஆறே முக்கால்.

அஞ்சலை குடத்தோடு எதிரே வந்தாள். "இன்னாம்மா, தனியா? பாப்பா எங்க?"

குருவியைப் பார்க்க வந்தேன் என்றேன். படத்தைக் காட்டினேன். உற்றுப் பார்த்தாள்.

"இப்டி ஒண்ண நான் பாத்ததே இல்லியே. எந்நேரம் கத்தும்?"

"ஆறு மணிக்காம்."

"அட, அந்த விசிலா!" குடத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். "மய வர்ற மாசத்துல சாங்காலம் கத்தும்மா. ரெண்டு விசிலு, ஒண்ணு ஏறும், ஒண்ணு எறங்கும். அது கத்துச்சின்னா நாங்க கால் கயுவினு வேல வுடுவோம். எத்தினி வருசமா கேக்குறேன். யாரோ பசங்க விசில் அடிக்கிறானுங்கன்னு திட்டினு இருந்தேன்." சிரித்தாள். "உன் பொண்ணுக்கு நல்ல கண்ணும்மா."

நல்ல கண்ணா என்று தெரிந்துகொள்ளத்தான் வந்திருக்கிறேன் என்று அவளிடம் சொல்ல முடியவில்லை. செருப்பைக் கழற்றினேன். என் கைப்பையைப் பார்த்தேன். கடைக்காரர் ரெக்ஸின் என்று சொல்லி விற்ற பை. ஆனால் கடைக்காரர்கள் சொல்வதை எப்படி நம்புவது? தோலாக இருந்துவிட்டால்? அதை ஒரு கிளையில் மாட்டிவிட்டு உள்ளே போனேன்.

பம்புக்குப் பின்னால் இருந்த புதர்ப் பக்கம் போய், நேற்று யாழினி நின்ற இடம் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்த இடத்தில் நின்றேன். விசில் இல்லை. ஆறு மணி எப்போதோ முடிந்திருந்தது. கால்மணி நேரம் கழித்து ஒரு நீலம் மின்னியது. வந்து பம்பின்மேல் உட்கார்ந்தது. பழுப்புத் தலை, வெள்ளை மார்பு, பெரிய சிவப்பு அலகு. மீன்கொத்தி.

ஆக, இதுதான். நீலத்தைப் பார்த்திருக்கிறாள், சிவப்பையும் பார்த்திருக்கிறாள். மீதியைத் தானே தைத்துக்கொண்டாள். பொய் இல்லை, பாதி உண்மை. மிஸ்ஸிடம் 'கொஞ்சம் மிகைப்படுத்துகிறாள்' என்று சொல்லலாம். ஆறுதலாக இருக்க வேண்டும். ஆனால் இல்லை. ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். புடவையில் எறும்பு ஏறியதைக்கூடத் தட்டவில்லை.

உட்கார்ந்ததால்தான் நடந்திருக்க வேண்டும். நிற்கும் பெரியவளுக்குத் தெரியாதது ஆறு வயதுக் குழந்தையின் உயரத்தில் தெரிகிறது. புதருக்கு அடியில், என் கண் மட்டத்தில், ஒரு சருகு புரண்டது. பிறகு இன்னொன்று. காற்று இல்லை. ஓணான் என்று நினைத்தேன். சருகுக்குப் பின்னாலிருந்து ஒரு பறவை தவ்வி வெளியே வந்து நின்றது.

விடைத்தாள் திருத்துபவள் மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முதுகு பச்சை, சரி. தோளில் நீலம், ஒரு வெளிச்சத் துண்டு பட்டபோது பளிச்சென்றது, சரி. கண்ணைக் கட்டிய கறுப்புத் துணி, சரி. துணிக்கு மேலே ஒரு வெள்ளைக் கோடும், கழுத்தில் வெள்ளையும் இருந்தன, அவற்றை அவள் சொல்லவில்லை. மார்பு மஞ்சள் கலந்த சந்தன நிறம், அதையும் சொல்லவில்லை. அது திரும்பியது. அடியில் அந்தச் சிவப்பு. என்னால்கூட அதை வேறு எப்படியும் சொல்ல முடியாது. சிவப்பு ஜட்டிதான். வால்? குனிந்து பார்த்தேன். இருந்தது. கட்டைவிரல் நகம் அளவுக்கு, யாரோ வெட்டிவிட்ட மாதிரி. அதை அது மேலும் கீழும் மெல்ல ஆட்டியது.

கை தானாகப் பையைத் தேடியது. பை கிளையில் தொங்கியது, செல்போன் பைக்குள். எழுந்தால் ஓடிவிடும். மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தேன். அது ஒரு மண்புழுவை இழுத்தது, புழு நீண்டது, நீண்டது, அறுந்தது. பாதியை விழுங்கிவிட்டு என்னை ஒரு தடவை பார்த்தது. மூன்று தவ்வலில் இருட்டுக்குள் போய்விட்டது. ஒரு நிமிடம் இருந்திருக்கும். நான் அழுதுகொண்டிருந்தேன் என்பது முந்தானையால் முகத்தைத் துடைத்தபோதுதான் தெரிந்தது.

திரும்பி வரும் ஆட்டோவில் எங்கள் ஊர் நினைவு வந்தது. வடவள்ளிப் பக்கம் எந்தத் தெருவில் மயில் இல்லை? எங்கள் மொட்டைமாடியிலேயே இரண்டு தடவை வடாமைக் கொத்திவிட்டுப் போயிருக்கிறது. ஒரு வகுப்பு முழுக்கக் கத்திக்கொண்டு ஓடி வந்தால் எந்த மயில் நிற்கும்? கையெழுத்துப் போடும்போது இதில் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

லாட்ஜுக்குக் கீழே இருந்த கடையில் அப்பாவும் மகளும் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் உட்காரக்கூட இல்லை.

"யாழினி, பார்த்துட்டேன். நீ சொன்ன அதே குருவி."

அவள் கை சாம்பாரில் நின்றது. "சருகு பொரட்டுச்சா?"

"பொரட்டுச்சு. புழு சாப்பிட்டுச்சு. வால் இருக்கு கண்ணு, ஆனா இத்தனூண்டு."

"இருக்கா?" கொஞ்சம் யோசித்தாள். "அப்ப நான் தப்பாச் சொல்லிட்டேன்."

"இல்ல. அது அவ்வளவு சின்னது. நானே குனிஞ்சுதான் பார்த்தேன்."

செந்தில் சட்னியைத் தள்ளி வைத்தார். "போட்டோ?"

"பை வெளிய இருந்துச்சு. தோல் பை கொண்டுபோகக் கூடாது."

"அது ரெக்ஸின்."

"தோலா இருந்துட்டா?"

"அஞ்சலை பார்த்தாங்களா?"

"இல்ல, அவங்க போயிட்டாங்க."

சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. எங்களைக் கிண்டல் செய்யும்போது எப்போதும் சிரிக்கும் சிரிப்பு. "ராத்திரி பூரா படத்தைப் பார்த்துட்டு காலைல காட்டுல போய் உட்கார்ந்தா எனக்கும் தெரியும். மீன்கொத்தியைப் பார்த்திருப்பே ரேவதி."

"மீன்கொத்தியும் வந்துச்சுங்க! அது வேற, இது வேற! பச்சை முதுகு, தோள்ல நீலம், கண்ணுல கறுப்பு, அடில…" என் குரல் ஏறியது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே தண்ணீர் குடித்தார். மூன்றாவது தடவையும் ஆரம்பித்தேன். நான் பார்த்தேன், இந்த இரண்டு கண்ணால் பார்த்தேன், வேறு எப்படிச் சொன்னால் நம்புவார்?

யாழினி சாம்பார் கையோடு என் முந்தானையை இழுத்தாள். நான் தடுக்கவில்லை.

"உடும்மா. உக்காந்து சாப்பிடு" என்றாள். "எங்க மிஸ்ஸும் இப்படித்தான்."